பாத்திரம் கழுவும் இயந்திரமும் நாம் குடியேறிய ஊரின் தண்ணீரும்



மதுரையில் பல்லாண்டுகள் வாழ்ந்து, பணி மாற்றத்தால் இப்போது கரமனையில் குடியேறியிருக்கும் அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். டிஷ்வாஷர் என்று வழங்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை அவர் மதுரையிலிருந்தே உடன் கொணர்ந்தார். அங்கே செய்தவாறே இங்கும் உப்பு இடுகிறார். அங்கே இட்ட அதே வில்லையை இங்கும் இடுகிறார். எனினும் ஓராண்டிற்குள் வீட்டிலிருந்த கண்ணாடித் தம்ளர்கள் யாவும் பால் படிந்தாற்போல் மங்கிவிட்டன. எத்துணை தேய்த்தும் மங்கல் அகலவில்லை. “இயந்திரம் பழுதுபட்டதா? புதிது வாங்குவதா?” என்பது அவர் கேள்வி.

இயந்திரம் பழுதுபடவில்லை என்பதே நமது விடை. மாறியது தண்ணீர். ஊர் மாறி வாழும் குடும்பங்களாகிய நாம் உணவையும் உடையையும் இடத்திற்கேற்ப மாற்றிக் கொள்கிறோம். ஆனால் உடன் கொணர்ந்த இயந்திரத்திற்கு மட்டும் பழைய ஊரின் பழக்கத்தையே விதித்துவிடுகிறோம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் நேரும் குறைகளிற் பெரும்பாலானவை நீரைப் பற்றியவை. நீர் எத்தகையது, நீர் உள்ளே வருகிறதா, வந்த நீர் சுழல்கிறதா, சுழன்ற நீர் வெளியேறுகிறதா என்னும் இந்நான்கையும் வீட்டார் அறிந்திருந்தால், பழுது பார்ப்பவரை வீணே அழைக்கும் செலவு பெரிதும் மிஞ்சும்.

இயந்திரம் வேலை செய்யும் முறை

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் அம்மையார் 1886-ஆம் ஆண்டில் இவ்வகை இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அது வைக்கப்பெற்றது. பாத்திரங்களைக் கம்பிக் கூடையில் அசையாமல் நிறுத்தி, அவற்றின்மேல் நீரை வேகமாகப் பாய்ச்சுவதே அவர் கையாண்ட முறை. இன்று நம் சமையலறைகளில் இருக்கும் இயந்திரமும் அதே முறையில்தான் இயங்குகிறது. உள்ளே தேய்க்கும் கையும் இல்லை, நாரும் இல்லை. அடியில் உள்ள குழியில் சிறிதளவு நீர் நிற்கிறது. மின்சாரம் அதனைச் சுடவைக்கிறது. ஒரு பம்பு அந்நீரை மேலேற்றி, சுழலும் கைகளின் துளைகள் வழியே பீச்சுகிறது. பாத்திரத்தில் பட்டு விழுந்த நீர் வடிகட்டி வழியே மீண்டும் குழியை அடைகிறது. இவ்வாறு ஒரே நீர் பலமுறை சுழன்று வேலை செய்வதால், இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் ஒருமுறை கழுவி முடிக்க ஏறத்தாழ 10 லிட்டர் நீரே போதுமானதாக இருக்கிறது. அச்சுழற்சியில் எவ்விடத்தில் தடை நேர்ந்தாலும் பாத்திரம் அழுக்காகவே வெளிவரும்.

நம் நகரின் நீர்

அகத்தியர் பெயரால் வழங்கும் மலையின் கிழக்குச் சரிவில் பிறக்கும் பொருநையாறு நெல்லைச் சீமையை நோக்கி ஓடுகிறது. அம்மலைத் தொடரின் மேற்குப் புறத்தில் பிறக்கும் கரமனையாறு நமது திருவனந்தபுரத்திற்கு நீரூட்டுகிறது. அருவிக்கரையில் எடுத்துத் தூய்மை செய்த ஆற்றுநீர் 1933-ஆம் ஆண்டு முதல் குழாய் வழியே நகருக்கு வருகிறது. பின்னர் 1983-இல் ஆற்றின் மேற்பகுதியில் பேப்பாறை அணை அமைந்தது. இம்மலைகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை அல்ல. மழையும் இங்கு மிகுதி. ஆதலால் ஆற்றுநீரில் கால்சியம், மக்னீசியம் ஆகிய உப்புக்கள் மிகக் குறைவாகவே கரைந்திருக்கின்றன. இத்தகைய நீரை மென்னீர் என்பர்.

மதுரையிலும் சென்னையின் புறநகர்களிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் வீடுகளில் நிலை வேறு. அங்கே வாளியின் உட்புறத்திலும், வெந்நீர்ப் பானையின் அடியிலும் வெண்மையாகப் படியும் பொருக்கை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அது வன்னீர். கோயம்புத்தூரில் சிறுவாணி நீரைப் பருகி வாழ்ந்தவர்களுக்கு இப்பொருக்கு அவ்வளவாகப் பழக்கமிராது, அதுவும் மென்னீரே.

நீரின் வன்மையைக் கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் கணக்கிடுவது வழக்கம். குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடையாத இடத்து 600 மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளத்தக்கதாகவும் 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தரவரையறை கூறுகிறது. இயந்திரத்தின் கையேடுகளிலோ ஜெர்மானிய அளவாகிய ‘பாகை’ பெரும்பாலும் காணப்படும். 1 பாகை என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம். ஆகவே 200 மில்லிகிராம் என்பது சுமார் 11 பாகை. 600 மில்லிகிராம் என்பது சுமார் 34 பாகை.

நகரில் வாழ்பவர் யாவரும் குழாய் நீரையே பயன்படுத்துகின்றனர் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்கொரு கிணறு என்பது இந்நாட்டின் பழைய வழக்கம். செம்புரைக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் சற்றே புளிப்புத் தன்மையுடையது. சிலவற்றில் இரும்பும் கலந்திருக்கும். கடற்கரையை ஒட்டிய கிணறுகளின் இயல்பு வேறாக இருக்கலாம். ஆதலால் அவரவர் தம் வீட்டு நீரைச் சோதித்து அறிவதே முறை.

எளிய சோதனை ஒன்று உண்டு. தெளிந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர் எடுத்து, எண்ணெயிலிருந்து செய்யும் பழைய வகைச் சோப்பைச் சிறிது சீவி இட்டு, மூடி நன்றாகக் குலுக்குக. நுரை பொங்கி மேலே நின்று, அடியில் நீர் தெளிவாக இருந்தால் அது மென்னீர். நுரை எழாமல், நீர் தயிர் திரிந்தாற்போல் கலங்கினால் அது வன்னீர். சலவைத் தூளை இச்சோதனைக்குப் பயன்படுத்தலாகாது. அது வன்னீரிலும் நுரைக்கும். துல்லியமான அளவு வேண்டுவோர், வாட்டர் அதாரிட்டியின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தி அறிந்து கொள்ளலாம்.

கண்ணாடி மங்குவது ஏன்?

கண்ணாடியின் மங்கல் இருவகைப்படும். ஒன்று, வன்னீரின் சுண்ணாம்புப் படிவு. மற்றொன்று, மென்னீரும் காரமும் சூடும் சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவதைப் போக்கலாம். இரண்டாவதை எவராலும் போக்க இயலாது.

இன்னதென்று அறிய, மங்கிய தம்ளரில் ஓரிடத்தில் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தடவிச் சில நிமிடங்கள் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். அவ்விடம் தெளிந்தால் படிந்தது சுண்ணாம்பு. தெளியாவிட்டால் கண்ணாடி அரிக்கப்பட்டது என்று கொள்க. கரமனை அன்பரின் தம்ளர்களுக்கு நேர்ந்தது இரண்டாவது வகையாகவே தோன்றுகிறது. மதுரை நீருக்குத் தேவைப்பட்ட காரத்தின் அளவு, கரமனையாற்று நீருக்கு மிகையாகிவிட்டது. அவருடைய பழைய தம்ளர்கள் மீளா. இனி வாங்குபவற்றையேனும் காக்கலாம். அதற்குரிய வழிகள் இவை:

முதலாவது, இயந்திரத்தில் நீரின் வன்மையைக் குறிக்கும் அமைப்பை மிகக் குறைந்த நிலைக்கு மாற்றுதல் வேண்டும். இதனைச் செய்யும் முறை கையேட்டில் இருக்கும். இரண்டாவது, வில்லைக்குப் பதிலாகத் தூளைப் பயன்படுத்துதல் நன்று. வில்லையின் அளவைக் குறைக்க முடியாது. தூளை, உறையில் கண்ட அளவுகளில் மிகக் குறைந்த அளவிற்குக் கொணரலாம். மூன்றாவது, கண்ணாடிப் பொருள்களை 45 முதல் 50 பாகை வரையுள்ள சூட்டில் கழுவுதல் போதும். கொதிக்கும் சூட்டில் அடிபிடித்த பாத்திரங்களோடு அவற்றைச் சேர்த்தல் கூடாது. நான்காவது, கழுவி முடிந்த சிறிது நேரத்தில் கதவைத் திறந்து ஆவியை வெளியேற்றிவிட வேண்டும்.

உப்பு எதற்கு?

உப்பு பாத்திரத்தைக் கழுவுவதற்கன்று. இயந்திரத்தினுள் சிறு பிசின் மணிகள் நிறைந்த ஓர் அறை உண்டு. அம்மணிகள் வன்னீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக் கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்துவிட்டால், உப்பு நீர் அவற்றைக் கழுவி மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டு வருகிறது. வருகின்ற நீரே மென்னீராயின் இவ்வேலைக்கு இடமில்லை. அமைப்பைச் சுழியத்தில் வைத்தால், பல இயந்திரங்களில் ‘உப்பு இடுக’ என்று எச்சரிக்கும் விளக்கும் அணைந்துவிடும். மாதந்தோறும் உப்பு வாங்கும் செலவும் குறையும்.

வன்னீர் உள்ள வீட்டில் உப்பு இன்றியமையாதது. அங்கும், தூத்துக்குடிக் கல்லுப்பு கைக்கெட்டும் பொருளாயிற்றே என்று அதனை இடுதல் தவறு. சமையலுக்கு உகந்த அவ்வுப்பில் மக்னீசிய உப்புக்களும் கரையாத நுண்மணலும் சிறிது இருக்கக் கூடும். மேசை உப்பிலோ அயோடினும், கட்டி பிடியாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. இயந்திரத்திற்கென்றே விற்கும் தூய பருவெட்டு உப்பையே இட வேண்டும். சிந்திய உப்பு எவர்சில்வரையும் அரிக்குமாதலால், உப்பு நிரப்பியவுடன் இயந்திரத்தை ஓட்டிவிடுவது நல்லது. உப்பு அறையில் மறந்தும் கழுவும் தூளை இட்டுவிடலாகாது; மணிகள் கெட்டுப்போகும்.

நீர் உள்ளே வராவிட்டால்

இயந்திரம் உறுமுகிறது, நீர் வரவில்லை. அல்லது சற்று நேரத்தில் நின்று குறி காட்டுகிறது. எல்.ஜி. இயந்திரங்களில் ‘ஐ.ஈ.’ என்னும் குறி இதனையே உணர்த்தும். முதலில் குழாய் திறந்திருக்கிறதா, நீர்க்குழல் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, குழலை இயந்திரத்தோடு பொருத்தும் வாயில் உள்ள சிறு சல்லடையை நோக்க வேண்டும். நகரில் குழாய் உடைப்பைச் சீர்செய்து மீண்டும் நீர் விடும்போது முதலில் கலங்கல் நீர் வருவது நாம் அறிந்ததே. 2024 செப்டம்பரில் நாகர்கோயில் இருப்புப்பாதையை இரட்டிப்பாக்கும் பணிக்காகப் பெருங்குழாய்களை இடம் மாற்றியபோது, நகரின் பல பகுதிகள் சில நாட்கள் நீரின்றித் தவித்தன. இத்தகைய நாட்களுக்குப் பின் நீர் வந்தவுடன் இயந்திரத்தை ஓட்டாமல், வேறு குழாயில் தெளிந்த நீர் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். சல்லடையில் மண் சேர்ந்திருந்தால், குழாயை மூடி, மின்செருகியைப் பிடுங்கியபின், சல்லடையை மென்மையாக எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மீண்டும் பொருத்துக.

நீரின் அழுத்தக் குறைவும் ஒரு காரணம். பல இயந்திரங்களுக்கு 0.3 முதல் 0.5 பார் அழுத்தமாவது வேண்டும். 10 மீட்டர் உயரத்து நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஒரு மாடி வீட்டில் கூரைமேல் வைத்த தொட்டி, சமையலறைக் குழாய்க்கு 3 மீட்டர் உயரத்திலிருந்தால் கிடைப்பது 0.3 பாரே. அடுக்கு வீடுகளின் மேல்தளத்தில் வாழ்பவருக்கும் இக்குறை உண்டு. தொட்டியை மேடையிட்டு உயர்த்துவதோ, சிறு அழுத்தப் பம்பு அமைப்பதோ இதற்குத் தீர்வாகும். இயந்திரத்தின் பாகத்தை மாற்றுவதால் இக்குறை தீராது.

நீர் சுழலாவிட்டால்

மேல்தட்டிலுள்ளவை மட்டும் அழுக்காக வெளிவருமாயின், சுழலும் கையின் துளைகளில் அடைப்பு இருக்கிறது என்று ஐயுறலாம். கடுகு, கறிவேப்பிலைத் துணுக்கு, புளியின் நார், தேங்காய்த் துருவல் ஆகியவை நம் சமையலின் உறுப்புக்கள். அவையே இத்துளைகளின் பகையுமாகும். சுழற்கையைக் கழற்றி, தென்னை ஈர்க்கினால் ஒவ்வொரு துளையையும் குத்திவிட்டு, ஓடும் நீரில் குலுக்கிக் கழுவினால் போதும். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது.

பாத்திரங்களை அடுக்கும் முறையும் முக்கியமானது. கிண்ணத்திற்குள் கிண்ணமாகவும், தட்டோடு தட்டு ஒட்டியும் வைத்தால் நடுவே நீர் புகாது. குக்கரும் அடுக்குச் சட்டியும் வாய் கீழ்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நீண்ட கரண்டியின் காம்பு கூடையின் கீழே நீட்டிக் கொண்டிருந்தால் சுழற்கை அதில் முட்டி நின்றுவிடும். கதவை மூடுமுன் சுழற்கையைக் கையால் ஒருமுறை சுழற்றிப் பார்க்கும் பழக்கம் நன்று. வில்லை கரையாமல் அப்படியே கிடந்தாலும், தூள் அறையின் மூடியைத் தட்டோ கரண்டியோ மறித்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

உலர்ந்த சோற்றுப் பருக்கையும் காய்ந்த மாவும் கல்போல் ஒட்டிக்கொள்ளும் இயல்பின. உண்டபின் எச்சிலை வழித்துக் கொட்டிவிட்டு உடனே உள்ளே வைத்து, ‘முன்னலசல்’ அமைப்பை ஓட்டிவிடலாம். முழுவதும் கையால் கழுவியபின் இயந்திரத்தில் இடுவது இருமடங்கு வேலை. அன்றியும், தூளிலுள்ள நொதிப் பொருள்கள் மாவையும் புரதத்தையும் கரைப்பதற்கென்றே சேர்க்கப்பட்டவை. மஞ்சள் கறை பிளாஸ்டிக்கில் ஏறினால் எந்த இயந்திரமும் எளிதில் போக்காது. வெயிலில் சில நாட்கள் வைத்தால் அது மெல்ல வெளுக்கும்.

நீர் வெளியேறாவிட்டால்

கழுவி முடிந்தபின் அடிக்குழியில் சிறிதளவு நீர் நிற்பது இயல்பே. தட்டின் மட்டம் வரை நின்றால் அது அடைப்பு. போஷ் இயந்திரங்களில் ‘ஈ–24’, எல்.ஜி. இயந்திரங்களில் ‘ஓ.ஈ.’ என்னும் குறிகள் இதனை உணர்த்தும். பத்தில் ஒன்பது பங்கு கவனத்தை வடிகட்டிக்கே செலுத்தலாம். அதனைத் திருகி எடுத்து, வெந்நீரிலும் மென்மையான தூரிகையாலும் கழுவி, மீண்டும் இறுகத் திருகிப் பொருத்த வேண்டும். தளர்வாகப் பொருத்தினால் துணுக்குகள் பம்பினுள் சென்றுவிடும். முருங்கைக்காய்ச் சக்கையையும் கறிவேப்பிலையையும் அன்றாடம் சமைக்கும் வீட்டில் வாரம் ஒருமுறையேனும் இதனைச் செய்தல் இன்றியமையாதது.

வடிகட்டி தூய்மையாக இருந்தும் நீர் வெளியேறவில்லையெனில், மின்செருகியைப் பிடுங்கி, நீரைக் கிண்ணத்தால் முகந்துவிட்டு, கழிவுப் பம்பின் மூடியைக் கையேட்டிற் கண்டவாறு திறந்து பார்க்கலாம். புளியங்கொட்டை ஒன்று அங்குள்ள சிறு சக்கரத்தை நிறுத்திவிடப் போதும். கண்ணாடிச் சில்லும் அங்கே கிடக்கக்கூடுமாதலால் வெறுங்கையை இடலாகாது. அடுத்து, கழிவுநீர்க் குழலையும் அது சேரும் தொட்டிக் குழாயையும் நோக்க வேண்டும். குழல் தரையில் படிந்தே சென்றால் தொட்டியின் அழுக்கு நீர் இயந்திரத்தினுள் திரும்பி வரும். கையேடு குறிக்கும் உயரத்திற்கு அதனை வளைத்துக் கட்டுதல் வேண்டும்.

கையால் துலக்குவதற்கான சோப்புக் குழம்பை, தூள் தீர்ந்த அன்று மட்டும் என்று எண்ணி இயந்திரத்தில் ஊற்றுவோர் உளர். நுரை பொங்கி, கதவின் வழியேயும் அடித்தட்டிலும் வழியும். அடித்தட்டில் நீர் சேர்ந்தால் இயந்திரம் தானே பூட்டிக்கொள்ளும். போஷ் இயந்திரங்களில் ‘ஈ–15’ என்பது அக்குறி. அந்நிலையில் குழாயை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, பழுது பார்ப்பவரை அழைத்தலே தக்கது.

உள்ளே இடத்தகாதவை

குடிபெயர்ந்து வந்த வீடுகளில், தாயோ பாட்டியோ கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் சில இருக்கும். அவற்றின் விலையைக் கடையில் கேட்டறிய முடியாது. அத்தகையவற்றை இயந்திரத்திற்கு இரையாக்குதல் வேண்டா. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை இயந்திரத்தின் காரம் தாக்கும். அலுமினியம் கறுக்கும். வெண்கல உருளியும் பித்தளைக் குடமும் செம்பும் பொலிவிழக்கும். இரும்புத் தோசைக்கல்லும் கற்சட்டியும் ஆண்டாண்டாக ஏறிய எண்ணெய்ப் பதத்தை ஒரே நாளில் இழக்கும். சிரட்டை அகப்பையும் மரக்கரண்டியும் வெடிக்கும். எவர்சில்வர், பீங்கான், தடித்த கண்ணாடி ஆகியவையே இயந்திரத்திற்கு உகந்தவை.

மாதந்தோறும் செய்ய வேண்டுவன

கதவின் ரப்பர் வாரையும், கதவின் அடி விளிம்பையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துர்நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்தே எழுகிறது. பாத்திரங்களின்றி, மிகுந்த சூட்டில் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டிவிட்டால் உள்ளே படிந்த நெய்யும் எண்ணெயும் கரையும். கிணற்றின் இரும்பினால் உட்சுவரில் செங்காவி படிந்திருந்தால், அவ்வெற்று ஓட்டத்தில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இடலாம். கிணற்றில் இடுவதற்கென்று வீட்டில் வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடரை எக்காரணத்தாலும் இதனோடு சேர்க்கக் கூடாது. அமிலமும் அத்தூளும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். உயிருக்கே தீங்கு நேரும்.

மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பாத்திரங்கள் உலர்வதில்லை என்று குறைகூறுவோர் பலர். பளபளப்புக்கென்று விற்கும் நீர்மத்தை அதன் அறையில் நிரப்பினால் நீர் முத்தாகத் தங்காமல் வழிந்துவிடும். கதவைச் சற்றே திறந்து வைப்பதும் உதவும். பிளாஸ்டிக் சூட்டைத் தாங்கி வைத்திராதாகையால் அது மட்டும் ஈரமாகவே இருக்கும், அது குறையன்று.

மின்சாரமும் இடியும்

நீரும் மின்சாரமும் ஒருங்கே வாழும் கருவி இது. சுமார் 2000 வாட் இழுக்கக்கூடியதாகையால் 16 ஆம்பியர் செருகிடமும், நல்ல எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானும் இருத்தல் வேண்டும். இழுவைக் கயிற்றில் செருகுதல் ஆபத்து. துலா மாத மழையின்போது பிற்பகலில் இடி மின்னல் மிகும் இந்நாட்டில், வானம் கறுக்கும்போதே செருகியைப் பிடுங்கிவிடுதல் நன்று. இயந்திரத் தூளும் வில்லையும் கடுங்காரம். மிட்டாய் என்று எண்ணிக் குழந்தை வாயிலிட்டால் தொண்டை புண்ணாகும். அவற்றை உயரத்தில் வைத்துப் பூட்டுக. கத்திகளை முனை கீழ்நோக்க வைக்க வேண்டும்.

மின்தடுப்பான் அடிக்கடி விழுதல், கருகிய வாடை, அடியில் நீர்க்கசிவு, அரைமணி நேரம் ஓடியும் சூடேறாமை ஆகிய நான்கும் வீட்டார் கைவைக்கத் தகாதவை. இவற்றிற்குத் தேர்ந்தவரையே அழைக்க வேண்டும். அழைக்குமுன் இயந்திரத்தின் மாதிரி எண்ணையும், காட்டிய குறியையும், வாங்கிய நாளையும் குறித்து வைத்தால் அவரும் உரிய பாகத்தோடு வருவார்.

ஊருக்குச் செல்லும்போது

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ சொந்த ஊர் செல்லும் நம் குடும்பங்கள், புறப்படும் நாளில் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும். வடிகட்டியைக் கழுவுக, நீர்க்குழாயை மூடுக, செருகியைப் பிடுங்குக, கதவைச் சற்றே திறந்து வைக்குக. திரும்பி வந்தவுடன் பாத்திரமின்றி ஒருமுறை ஓட்டியபின் வழக்கம்போல் பயன்படுத்தலாம். மாற்றலாகி வேறு ஊர் செல்வோர், இயந்திரத்திலுள்ள நீரை வடித்து, நிமிர்ந்த நிலையிலேயே ஏற்றிச் செல்ல வேண்டும். புதிய ஊரில் முதற்பாத்திரத்தை வைக்குமுன் அவ்வூர் நீரைச் சோதித்து, வன்மை அமைப்பை மாற்றுதல் வேண்டும். இங்கிருந்து மதுரை செல்வோர் சுழியத்திலேயே விட்டுவிட்டால், அங்கே சில திங்களில் வெண்பொருக்கு நிறைந்துவிடும்.

இறுதியாக ஒன்று. இவ்வியந்திரம், இரவு உணவுக்குப்பின் ஒருவரே தொட்டியருகே நின்று பாத்திரம் துலக்கும் துன்பத்தைக் குறைப்பதற்காக வாங்கப்படுவது. அதன் பராமரிப்பு முழுவதும் அதே ஒருவர் தலையில் விழுமாயின் பயன் பாதியாகிவிடும். வடிகட்டியைக் கழுவுதல் கால்மணி நேர வேலை. வீட்டிலுள்ள ஆடவரும் பிள்ளைகளும் இதனைக் கற்று, வாரத்திற்கு ஒருவர் என்று முறை வைத்துக் கொள்ளலாம். வேலைக்கு வரும் அம்மாளும் இயந்திரத்தைக் கையாள்பவராயின், அவருக்கும் பொறுமையாக ஒருமுறை செய்து காட்டுதல் நம் கடமை. வடிகட்டி கழுவிய நாளையும், நீரைச் சோதித்த அளவையும் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைத்தால், வீட்டில் யார் இருப்பினும் இயந்திரம் குறையின்றி இயங்கும்.

அடுத்த திங்கள், மழைக்காலத்தில் மாவரைக்கும் இயந்திரத்தைப் பேணும் முறையைப் பற்றி எழுதுவோம். அன்பர்கள் தம் ஐயங்களை எழுதி அனுப்புவார்களாக.